கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வராமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள்

அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. விஷயம் வக்கீலிடம் இருப்பதால் பெயர் சொல்லவில்லை. ஆபரேஷனில் குறை இல்லை. புண்ணில் கிருமி பிடித்ததைக்கூட நான் குற்றமாகச் சொல்லவில்லை. நல்ல ஆஸ்பத்திரியிலும் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு அப்படி ஆகும். அது தெரிந்த பிறகும் எங்களிடம் மறைத்தார்களே, அதுதான் புகார்.

தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தது. கேட்டால், "சுகர் இருக்குல்ல, மெதுவாத்தான் ஆறும்" என்றார்கள். அப்புறம் காய்ச்சல் வந்தது. திடீரென்று அம்மாவைத் தனி அறைக்கு மாற்றினார்கள். ரூம் காலியாகியிருக்கிறது, வசதியாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். அந்த அறைக்கு வரும்போது மட்டும் சிஸ்டர்கள் கையுறையும் மேலங்கியும் போட்டுக்கொண்டார்கள். எங்களை யாரும் கை கழுவக்கூடச் சொல்லவில்லை. அக்காவின் கைக்குழந்தை பாட்டி மடியிலேயே கிடந்தது.

உண்மையைச் சொன்னது பில்தான். பாதியில் கட்டச் சொன்ன பில்லில் கல்ச்சர் டெஸ்ட்டுக்கும் (புண்ணிலிருந்து எடுத்ததை வளர்த்து, என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பது) வாங்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசிக்கும் பணம் போட்டிருந்தார்கள். டூட்டி டாக்டரைக் கேட்டால், "சார் வந்து பேசுவார்." கடைசியில் சார் என் கணவரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "லேசான இன்ஃபெக்‌ஷன். அம்மாகிட்ட சொல்லிக்காதீங்க, பயந்துடுவாங்க" என்றார். கால் அம்மாவுடையது, தகவல் மருமகனுக்கு! அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் பயந்துவிடும் ஆள் இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் நீர்க்கசிவு இருந்தது, மருந்தில் கட்டுப்பட்டது என்று ஒரே வரி. கிருமியின் பெயர் இல்லை. செஃபுராக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு சீழ் வைத்தது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனதும் எலும்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கல்ச்சர்ல என்ன வந்துச்சு? எந்த மருந்து கேட்டுச்சு?" என்பதுதான். எங்களிடம் பதில் இல்லை. ஏற்கெனவே ஆன்டிபயாடிக் போயிருப்பதால் இப்போது சீழை எடுத்து அனுப்பினாலும் கிருமி வளராமல் போகலாம், பழைய ரிப்போர்ட்டை எப்படியாவது வாங்கி வாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்து, அலைந்து, வாங்கினோம். எம்.ஆர்.எஸ்.ஏ. என்றிருந்தது; வழக்கமான பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியா அது. செஃபுராக்சிம் இந்தக் கிருமியிடம் எடுபடாது. ரிப்போர்ட்டில் இருந்த தேதி, அம்மாவைத் தனி அறைக்கு மாற்றுவதற்கு முந்தைய நாள்.

மேற்கொண்டு என்ன ஆகும் என்பதைப் புது டாக்டர் அம்மாவிடமே உட்கார்ந்து பேசினார். ஆரம்பத்திலேயே திறந்து, கழுவி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாகத்தை மட்டும் மாற்றினால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நாள் போகப் போகக் கிருமி உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குள் மருந்து சரியாகப் போகாது. அப்புறம் மூட்டையே எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் வைத்து, கிருமி போனது உறுதியான பிறகு புது மூட்டு. அம்மாவுக்கு இரண்டாவது வழிதான் மிச்சம். "நடப்பேனா டாக்டர்?" என்று கேட்டார். "நடப்பீங்கம்மா. ஆனா மறுபடி வராதுன்னு என்னால உத்தரவாதம் தர முடியாது." அம்மா அழவில்லை. செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளிலேயே இது இருக்கிறது: நோயின் தீவிரத்தை டாக்டர் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது. நோயாளியோ அவர் சார்பில் பொறுப்பானவரோ கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எங்களை, "மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கோரிக்கைக் கடிதத்தின் நகலில் சீல் வாங்கிய பிறகுதான் ஆள் வந்தார்.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு புண் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கல்ச்சர் அனுப்பினீர்களா என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிவு வந்துவிடும். என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும், உள்ளே வைத்த மூட்டுக்கு ஆபத்து உண்டா என்பதை நோயாளி முன்னாலேயே கேளுங்கள். ஊசி மருந்தின் பெயர் மாறினால் ஏன் என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் கிருமியின் பெயர் இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. எங்கள் நோட்டீஸுக்கு ஆஸ்பத்திரி அனுப்பிய பதிலில், உறவினரிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டோம் என்கிறார்கள். கேஸ் ஷீட்டிலும் அப்படி ஒரு வரி இருக்கிறது. வராந்தாவில் பேசிய அந்த இரண்டு வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதை அன்றன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள். வக்கீல் எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான்.