முட்டி ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு: காரைக்குடியில் நான் போகும் பிசியோதெரபி நிலையம்

கபடியில் ஏசிஎல் என்கிற முட்டி ஜவ்வு அறுந்து, தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புதிதாக வைத்தார்கள். எட்டு மாதமாக இங்கேதான் பயிற்சி.

முதல் நாளே பிசியோ அக்கா குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "முட்டியைக் கீழே அழுத்துங்க தம்பி" என்றார். மடக்குவதைவிட முழுசாக நீட்டுவதுதான் முதலில் முக்கியமாம். வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரை என்றதும், முற்றத்தில் ஈரம் இருந்தால் என்னை இறங்க விடக்கூடாது என்று அப்பத்தாவிடமே சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் மாதம் வலியே இல்லை. களத்தில் இறங்கத் துடித்தேன். "வலி போனதை நம்பாதீங்க. வைத்த நாரில் ரத்த ஓட்டம் வந்து, அது ஜவ்வாக மாற மாதக்கணக்காகும்" என்று தடுத்தார். 9 மாதத்துக்கு முன் விளையாடினால் மறுபடி அறுகிற ஆபத்து அதிகம். அதோடு, தொடை பலம் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது வர வேண்டும். எனக்கு இப்போது 84. பொறுத்திருக்கிறேன், அந்த அக்காவின் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை.

ஒரே குறை, இடம் மாடியில். ஊன்றுகோலோடு 18 படி ஏறுவது கொடுமை. சாயங்காலம் கூட்டம் நெரியும், அதனால் காலையில் போங்கள்.