பைக் பாகத்துக்கு வரி: ஆர்டரிலேயா, வாசலிலா?
வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைத்தால் வரியை ஆர்டரிலேயே கட்டலாம் (டிடிபி), அல்லது பார்சல் வந்தபின் கட்டலாம் (டிஏபி).

டிஏபியில் விலை குறைவாகத் தெரியும். ஆனால் பல நாடுகளில் சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல. அனுப்பும் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்த தொகைக்கு. அதன்மேல் உள்நாட்டு வரி வேறு. சைலன்சர் போன்ற கனமான சாமானில் கையைக் கடித்துவிடும். வரியை நமக்காகக் கட்டியதற்குக் கூரியர் நிறுவனம் தனிக் கட்டணமும் கேட்கும். சின்ன கேஸ்கெட்டுக்கு வரியைவிட அதுவே பெரிதாகலாம்.

டிடிபியில் விற்பவர் கொஞ்சம் கூட்டிப் போடுவார், ஆனால் பில் ஒன்றுதான். சில்லறைச் சாமானுக்கு என் ஓட்டு இதற்கே.

எதுவானாலும் இன்வாய்ஸில் சுங்கக் குறியீட்டை (பொருளின் வகையைச் சொல்லும் எச்எஸ் எண்) பாருங்கள்: பிஸ்டனுக்கு 8409; பிரேக், ஃபோர்க்குக்கு 8714. மாறிப்போனால் வரியும் மாறலாம்.