டிவி சுவரிலா, ஸ்டாண்டிலா: செட்டிநாட்டு வீட்டுக்கு எது தோது?

தேவகோட்டையில் எங்கள் பழைய வீட்டுக்கு 43 இஞ்ச் டிவி வாங்கியபோது, கடைப் பையன் கேட்காமலேயே சுவர் பிராக்கெட்டையும் சேர்த்து எடுத்து வைத்தான். பார்க்க அழகு, இடம் மிச்சம், பிள்ளைகள் இழுத்துத் தள்ள முடியாது. சுவர் பக்கம் உள்ள நியாயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் பிராக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டாண்டில் வைத்தேன்.

முதலில் சுவரைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை, அதற்கு மேல் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு. டிரில் வைத்தால் காரை பொலபொலவென்று உதிரும், திருகு இறக்க ஓட்டையில் செருகும் பிளக் பிடிக்காது. செங்கல் வரை நீளமான போல்ட் இறக்கினால் நிற்கும்தான். நாளைக்கு டிவியை இடம் மாற்றினால் அந்த ஓட்டையைச் சிமென்ட் வைத்துத்தான் அடைப்பார்கள். வழவழப்பான சுவரில் அது மட்டும் தனியாகத் தெரியும். அந்தப் பழைய பூச்சு தெரிந்த கொத்தனார் இப்போது லேசில் கிடைப்பதில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது அது இல்லை, டிவியின் பின்பக்கம். சில்லறைக் கோளாறு பலதும் பின்னால் கை போனாலே தீரும். 'நோ சிக்னல்' என்று வந்தால் ஹெச்டிஎம்ஐ வயரைக் கழற்றிச் செருக வேண்டும், இல்லை அடுத்த போர்ட்டில் மாற்றிப் பார்க்க வேண்டும். படம் உறைந்து நின்றால் ரிமோட்டில் அணைத்துப் பிரயோஜனம் இல்லை, அது ஸ்டாண்ட்பைக்குத்தான் போகும். பிளக்கைப் பிடுங்கி, டிவியிலேயே உள்ள பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, கொஞ்சம் விட்டுச் செருக வேண்டும். ஐப்பசி இடி மழைக்கு பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மின்னல் அடித்தால் டிஷ் வயர் வழியாகவும் ஏறி, செட் டாப் பாக்ஸைத் தாண்டி டிவி வரை வந்துவிடும். அதனால் அந்த வயரையும் கழற்ற வேண்டும். சுவரோடு ஒட்டிய டிவியில் இதற்கெல்லாம் விரல் நுழையாது. பல வீடுகளில் பிளக் பாயிண்டே டிவிக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது.

பெரிய கோளாறு என்றாலும் இதே கதைதான். சத்தம் வருகிறது, படம் இல்லையா? விளக்கை அணைத்துவிட்டு, திரையில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். உருவம் மங்கலாகத் தெரிந்தால் பேனல், அதாவது படம் காட்டும் திரை, நன்றாக இருக்கிறது; போனது அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட். பேனல் மாற்றும் செலவுக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பேக்லைட்டை மாற்ற டிவியை இறக்கி, குப்புறப் படுக்க வைத்துப் பிரிக்க வேண்டும். காரைக்குடியிலிருந்து வரும் மெக்கானிக் போனை எடுத்ததும் கேட்பதே, "சுவரா, ஸ்டாண்டா அண்ணே?" சுவர் என்றால் கூட ஒரு ஆளோடு வருவார், அந்தக் கூலியும் நம் தலையில்தான்.

ஸ்டாண்டிலும் தொல்லை உண்டு. இப்போதைய டிவிகளுக்குக் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருப்பதால் சின்ன மேசை ஆகாது. கால் இடைவெளியை அளந்துகொண்டு போங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அகலமான தேக்கு மேசை தேடலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால், பின்னால் பிராக்கெட்டுக்காக உள்ள திருகுத் துளையில் பட்டை போட்டு மேசையோடு கட்டிவிடுங்கள்.

முன்னால் இழுக்கக்கூடிய மடக்குக் கை பிராக்கெட் போட்டால் பின்பக்கப் பிரச்சினை பாதி தீரும். உறவினர் வீட்டில் பார்த்ததோடு சரி, நான் வைத்திருந்ததில்லை. காரைச் சுவர் அந்த இழுப்பைத் தாங்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. சிமென்ட் பூசிய புது வீடு என்றால் தாராளமாக மாட்டலாம். மாட்டுவதற்கு முன் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த போர்ட் எங்கே, மாடல் நம்பர் ஸ்டிக்கரில் என்ன என்று மெக்கானிக் கேட்கும்போது டிவியை இறக்க வேண்டியிருக்காது.