கான்கிரீட் தரைக்கு பாலிஷ் போடப் போகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கோவை கணபதியில் வீட்டுக்குப் பின்புறம் 320 சதுர அடியில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வேலை மேசை, அவ்வளவுதான். தரை வெறும் கான்கிரீட். எத்தனை முறை கூட்டினாலும் சிமென்ட் தூசி கிளம்பி லேத் பெட் (லேத்தின் வழவழப்பான அடிப்பாகம்) மேல் படியும், எண்ணெயோடு சேர்ந்து பெட்டையே தேய்க்கும். அதனால்தான் தரையை கிரைண்டிங் செய்து பாலிஷ் போட ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தேன்.

சதுர அடிக்கு 70 ரூபாய், மொத்தம் 22,400. "ரெண்டே நாள்ல கண்ணாடி மாதிரி பண்ணிக் குடுத்தர்றனுங்க" என்றார். எதையும் எழுதி வாங்கவில்லை.

முதல் நாள் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன் வந்தான். தண்ணீர் விடாமல், தூசி உறிஞ்சும் வேக்குவமும் மாட்டாமல் மெஷினை ஓட்டினான். மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கினால் வெளியே வராது, வருஷக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். துண்டு அதைத் தடுக்காது. நான் ஓடிப்போய் மாஸ்க் வாங்கி வந்து கொடுத்தேன். அதற்குள் சமையலறை வரை தூசி. அம்மாவுக்கு அன்று இரவு முழுக்க இருமல்.

மறுநாள் சாயங்காலம் ஒரு டின்னும் ரோலரும் வந்தன. "டென்சிஃபையருங்க சார்" என்றார்கள். தின்னர் வாடை மூக்கைத் துளைத்தது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். டென்சிஃபையர் என்பது பெரும்பாலும் தண்ணீரில் கரைத்த சிலிகேட். தண்ணீர் போலவே இருக்கும், வாடை அடிக்காது. கான்கிரீட்டுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து தரையை இறுக்கும். இவர்கள் அடித்துவிட்டுப் போனதோ மேலே படலமாக நிற்கும் ஒரு கோட்டிங். பளபளவென்று இருந்தது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் இரும்பு ஸ்டூலை இழுத்தபோது கீழே ஏதோ சுருண்டது. குனிந்து நகத்தால் தூக்கினால் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வருகிறது. லேத் அடியில் கூலண்ட் (வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் திரவம்) சொட்டின இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ராத்திரி விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாக முரட்டுக் கீறல்கள்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கிரிட் என்பது தேய்க்கும் பேடின் சொரசொரப்பைச் சொல்லும் எண், எண் ஏற ஏற தேய்ப்பு நைசாகும். முதலில் 30 அல்லது 40 கிரிட் மெட்டல் டயமண்டில் (வைரத்தூள் பதித்த உலோகப் பேட்) மேல்தோலை எடுக்க வேண்டும். பிறகு 80, 120, அதன்பின் ரெசின் பேடில் 200, 400, 800 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு பேடும் முந்தைய பேடின் கீறலை அழிக்க வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் கீறல் நின்றுவிடும். இவர்கள் முதல் இரண்டோடு நிறுத்திவிட்டு, மீதியைக் கோட்டிங்கால் மூடியிருக்கிறார்கள். பட்டறைக்கு 400 கிரிட்டே தாராளம், கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய அவசியமே இல்லை. அதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீங்கள் இந்த வேலையைக் கொடுப்பதாக இருந்தால் எந்தெந்த கிரிட், டென்சிஃபையர் எந்தக் கட்டத்தில், தூசிக்கு வேக்குவமா தண்ணீரா என்பதை எழுதி வாங்குங்கள். ஒரு மூலையில் நாலடிக்கு நாலடி செய்து காட்டச் சொல்லுங்கள். அது காய்ந்ததும் தின்னரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் வைத்து அழுத்துங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது பெரும்பாலும் கோட்டிங். பாலிஷ் ஆன கான்கிரீட் அசையாது. மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.

நான் கூப்பிட்டால் அந்த ஆள் இப்போது போன் எடுப்பதில்லை. பில்லும் இல்லை. வேறொருவர் வந்து பார்த்துவிட்டு, கோட்டிங் முழுவதையும் சுரண்டி எடுத்து 30 கிரிட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்கிறார். அதற்கு லேத்தை போல்ட்டோடு கழற்றி நகர்த்த வேண்டும், லெவலும் புதிதாக எடுக்க வேண்டும். இந்த முறை மெஷின் ஓடும்போது அம்மாவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கப் போகிறேன்.