விக்கித்தரவு: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

ஊர்ப் பெயர்களை வைத்து இரண்டு அட்டவணைகளைப் பொருத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை. ஒன்றில் திருச்சி, இன்னொன்றில் திருச்சிராப்பள்ளி. போதாக்குறைக்கு மாவட்டத்துக்கு ஒரு புதூர். விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான, யாரும் திருத்தக்கூடிய திறந்த தரவுத்தளம் விக்கித்தரவு. அதில் நான் ஒட்டிக்கொண்டதற்கு முதல் காரணம், அங்கே அடையாளம் பெயரில் இல்லை, எண்ணில் இருக்கிறது. சென்னை என்றால் க்யூ1352. மெட்ராஸ் என்று தேடினாலும் அங்கேதான் கொண்டுபோய் விடும். தரவைச் சீர்செய்யும் ஓப்பன்ரீஃபைன் மென்பொருளில் பட்டியலை ஏற்றினால் பொருத்தமான எண்களை அதுவே பரிந்துரைக்கிறது. சந்தேகமானவற்றை மட்டும் நாம் பார்த்து முடிவு செய்தால் போதும்.

2012இல் தொடங்கிய தளம் இது. எனக்கு உண்மையில் பயன்பட்டது 2015இல், ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில் தரவைக் கேட்டுப் பெறும் சேவை வந்த பிறகுதான். முடிவுகளை ஜேசன், சிஎஸ்வி போன்ற கோப்பு வடிவங்களில் இறக்கிக்கொள்ளலாம். உரிமம் சிசி0, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இதன் அழகு சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் தெரியும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதுவரை இந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம். ஊர் எந்த மாவட்டம் என்பது போன்ற ஒவ்வொரு தகவலும் அங்கே ஒரு கூற்று. பழைய கூற்றை அழிக்க வேண்டாம், அதற்கு முடிவுத் தேதியைச் சேர்த்து, புதியதற்குத் தொடக்கத் தேதியும் முன்னுரிமையும் கொடுத்தால் போதும். எளிய வினவலுக்குத் தென்காசி மட்டும் வரும். தேதிகளோடு கேட்டால் இரண்டும் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இன்றைய மாவட்டங்களோடு ஒப்பிடுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் யாராவது அந்தத் தேதிகளைப் போட்டிருக்க வேண்டுமே! சிற்றூர்ப் பக்கங்களில் சான்றுக் குறிப்பே இல்லாத கூற்றுகள் ஏராளம். சான்றில்லாத எண்ணை நான் எடுப்பதில்லை. தமிழ்ப் பெயர் இல்லாத உருப்படிகள் (ஊர், ஆறு என எண் பெற்றவை) வினவலில் வெறும் எண்ணாக வந்து விழும். மொழி வரிசையில் தமிழுக்கு அடுத்து ஆங்கிலத்தையும் போட்டுவிடுவது நல்லது. வினவலுக்கு 60 விநாடிதான் வரம்பு. இந்தியாவின் ஆறுகள் அனைத்தையும் துணைவகைகளோடு, எல்லா மொழிப் பெயர்களோடும் ஒரே மூச்சில் கேட்டால் அந்த வரம்பு எளிதில் குறுக்கே வரும். பகுதி பகுதியாகக் கேளுங்கள்.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் சகாக்களும் 2001இல் விவரித்த பொருளுணர் வலையில், அதாவது தரவின் பொருளைக் கணினியும் புரிந்துகொள்ளும் வலையில், மென்பொருளே மருத்துவரிடம் நமக்கு நேரம் வாங்கித் தரும். நான் இன்னும் தொலைபேசியில்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கனவில் எனக்குப் பயன்பட்டது இந்த எண்களும் இணைப்புகளும்தான், அதுவே பெரிது.

இதே போன்ற திறந்த தரவுத்தளமான, கூகுள் வாங்கிய ஃப்ரீபேஸ் 2016இல் மூடப்பட்டதை மறக்க முடியாது. அதனால் முக்கியமான வேலைக்கு நேரடிச் சேவையை மட்டும் நம்புவதில்லை. தேவையான பகுதியை இறக்கி, இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்கிறேன்.