சார்ஜரைச் சொருகினால் ஸ்பீக்கர் உறுமும்: யு.எஸ்.பி. டாக், நீண்ட நாள் அனுபவம்

லேப்டாப்பை வீட்டு ஸ்டீரியோவோடு சேர்க்க யு.எஸ்.பி. டாக் (DAC, லேப்டாப்பின் டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கான ஒலி சிக்னலாக மாற்றும் சின்னப் பெட்டி) வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஒலியில் குறையே இல்லை. மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்கும்; ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒயர் இழுத்தபோது இரண்டும் குழைந்துதான் வந்தன. வெளியீடு 2 வோல்ட், அதாவது சிடி பிளேயர் அளவு. ஆம்ப்ளிஃபயரில் ஆக்ஸ் அல்லது சிடி துளையில் கொடுங்கள், ரெக்கார்ட் பிளேயருக்கான ஃபோனோ துளையில் கூடவே கூடாது. பாட்டுப் போடும் மென்பொருளில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் (WASAPI Exclusive) என்ற அமைப்பைப் போட்டால், எல்லா ஒலிகளையும் கலக்கும் விண்டோஸ் மிக்ஸர் குறுக்கே வராது, 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டு 44.1 ஆகவே போகும்.

எரிச்சல் ஒன்றுதான், ஆனால் விடாத எரிச்சல். லேப்டாப் சார்ஜரைச் சொருகியதும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று உறுமல். பேட்டரியில் ஓடினால் நிசப்தம். த்ரீ-பின் சார்ஜரின் எர்த், லேப்டாப்பின் கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். அங்கிருந்து யு.எஸ்.பி. கேபிள், டாக், டாக்கை ஆம்ப்ளிஃபயரோடு சேர்க்கும் ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிவலை வழியாக ஆம்ப்ளிஃபயர் வரை போகும். ஆம்ப்ளிஃபயருக்கும் தனி எர்த் இருந்தால் வளையம் முழுமையாகிவிடும். அந்த வளையத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கசிவு, சிக்னலோடு கலந்து உறுமலாக வருகிறது.

முதலில் லேப்டாப் சார்ஜர், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகிப் பாருங்கள். பல வீடுகளில் பாதி உறுமல் அதிலேயே அடங்கும். ஆம்ப்ளிஃபயரோடு செட்-டாப் பாக்ஸும் சேர்ந்திருந்தால் அதன் டிஷ் கேபிளைக் கழற்றுங்கள். உறுமல் நின்றால் எர்த் அந்த வழியாகத்தான் வருகிறது. எர்த் பின்னை மட்டும் ஒடித்துவிடாதீர்கள். உறுமல் போகும், ஆனால் சார்ஜர் பழுதானால் லேப்டாப்பின் உலோக உடலில் கரண்ட் பாயும்.

டாக் விற்ற கம்பெனியிடம் கேட்டால் "உங்கள் வயரிங் சரியில்லை" என்றார்கள். வயரிங் சரியாக இருந்தாலும் இந்த வளையம் உருவாகும் என்பது ஆடியோ பெட்டி செய்கிறவர்களுக்குத் தெரியாதா? இந்த விலைக்கு உள்ளேயே ஐசொலேஷன் (இரு பக்க மின்சுற்றையும் பிரிக்கும் ஏற்பாடு) வைத்திருக்க வேண்டும். நியாயமாகச் சொன்னால், இதே விலையில் வரும் மற்ற டாக்குகளிலும் அது கிடையாது.

கடைசியில் லேப்டாப்புக்கும் டாக்குக்கும் நடுவே, அந்தப் பிரிப்பைச் செய்யும் ஒரு யு.எஸ்.பி. ஐசொலேட்டர் போட வேண்டியதாயிற்று. ஏ.டி.யு.எம்.4160 சிப் உள்ளது மலிவாகக் கிடைக்கும். அது 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது, அதனால் டாக்கில் யு.ஏ.சி.1 (யு.எஸ்.பி. ஆடியோவின் பழைய, மெதுவான முறை) மோடு இருக்க வேண்டும், அதிலும் 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸே உச்சம். இன்னொரு சிக்கல் மின்சாரம். இந்த ஐசொலேட்டர் போர்டுகளில் டாக்குக்கு மின்சாரம் தர பெரும்பாலும் 1 வாட் கன்வெர்ட்டர்தான் இருக்கும்; 5 வோல்ட்டில் 200 மில்லிஆம்ப் கிடைக்கும். டாக் அதற்கு மேல் இழுத்தால் பாட்டு விட்டு விட்டு வரும்.

இப்போது உறுமல் அறவே இல்லை. ஒலிக்காக இந்த டாக்குக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனாலும் மறுபடி வாங்கச் சொன்னால் வாங்க மாட்டேன், நண்பரையும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆப்டிகல் (ஃபைபர் கேபிள் வழி) இன்புட் உள்ள டாக்காகப் பார்த்து வாங்கி, அதற்கு டூ-பின் போன் சார்ஜரில் மின்சாரம் கொடுங்கள். லேப்டாப்பில் ஆப்டிகல் துளை இல்லையென்றால் யு.எஸ்.பி.யிலிருந்து ஆப்டிகலுக்கு மாற்றும் சின்னப் பெட்டி போதும். ஃபைபரில் ஒளி மட்டுமே போகும், எர்த் போகாது.