ஞாயிறு தோறும் பாதிப் படம்: மூன்று வருஷ அனுபவம்

ஆச்சிக்குக் கண்புரை எடுத்த மாதத்தில் ஆரம்பித்தது. சீரியல் சலித்துவிட்டது. "பழைய படம் வல்லதும் போடு மக்கா" என்றாள். நாகர்கோவில் வீட்டு டிவியில் யூடியூபைத் திறந்தேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழைய படம், அதுவும் பாதிதான். மீதி அடுத்த வாரம். இந்தப் பாதிக் கணக்கு பிடிபட ஏழெட்டு மாதம் ஆனது. அதுவரை முழுப்படமாகப் போட்டு, ஒரு மணி நேரத்தில் ஆச்சி குறட்டைக்கும் நான் போனுக்கும் போய்க்கொண்டிருந்தோம்.

முதலில் செய்த தப்பு, காமெடியை மட்டும் வெட்டிப் போட்டிருக்கும் துண்டுகளைப் பார்த்தது. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனை நாகர்கோவில்காரனான நான் பத்து நிமிஷத் துண்டுகளாகத்தான் தெரிந்துவைத்திருந்தேன். சத்தியமாகச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் அவர் நடித்து 1949இல் வந்த 'நல்லதம்பி'யை முழுதாகப் போட்டோம். அண்ணா எழுதிய படம். அங்கங்கே இழுவை, மறைப்பானேன். ஆனால் என்.எஸ். கிருஷ்ணன் பாட்டும் கதையுமாகச் சொல்லும் கிந்தனார் காலட்சேபம் வந்ததும் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நந்தனார் கதையின் அச்சிலேயே போகிறது அது. நந்தனுக்குச் சிதம்பரம், கிந்தனுக்குப் பள்ளிக்கூடம். அடிபட்ட பையன் படித்து அதிகாரியாகத் திரும்பி வருகிறான். நந்தனார் சரித்திரம் கேட்டு வளர்ந்தவள் என்பதால் ஆச்சி ஒவ்வொரு மடக்குக்கும் சிரித்தாள். எனக்கு அவள் விளக்கிய பிறகுதான் எட்டியது. இந்த மாதிரிப் படங்களைத் தனியாகப் பார்க்காதீர்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரவையுங்கள். கிந்தன் ரயிலேறும் இடத்தில், "நம்மூருக்கு அப்போ ஏது மக்கா ரயிலு?" என்றாள். சரிதான், நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979இல்.

'சபாபதி' (1941) விளக்கம் கேட்காத படம். வீட்டுப் பையனுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், இரண்டு பேருக்கும் மண்டை காலி. டி.ஆர். ராமச்சந்திரன் அசடு வழிவார். காளி என். ரத்னமோ சொன்னதைச் சொன்னபடியே செய்து காரியத்தைக் குட்டிச்சுவராக்குவார். நாலு தடவை பார்த்தாயிற்று, இன்னும் பழசாகவில்லை.

'அந்த நாள்' (1954) எனக்குப் பிடித்தது. பாட்டே கிடையாது என்று தெரிந்ததும் ஆச்சி எழுந்து முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள்.

குறை என்றால் பிரிண்ட்தான். வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். நடுவில் ரீல் தாவி, கல்யாணம் பேசப் போனவர்கள் அடுத்த நொடியில் பிள்ளையோடு நிற்பார்கள். ஒரு கடையில் தேடி வாங்கிய சிடியில் உறை ஒரு படம், உள்ளே வேறு படம். திருப்பிக் கொடுக்கப் போனால், "அதுவும் பழைய படம்தானே அண்ணே" என்கிறான்.

மூன்று வருஷத்தில் கொஞ்சமும் வயதாகாத படம் எது என்று கேட்டால், பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்த படம். கடன், மனை, அனுமதி, காண்ட்ராக்டர் என்று வீடு கட்டும் கதை மட்டும்தான். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் நடிக்கிறார் என்றே தோன்றாது. போன மாதம் அதைப் போட்டபோது அப்பாவும் வந்து உட்கார்ந்தார். சிமெண்ட் திருட்டைச் சித்தாள் மங்கம்மா போட்டு உடைக்கும் இடத்தில் விருட்டென்று எழுந்து போனார். கோபமோ என்று நினைத்தேன். எங்கள் வீடு கட்டியபோது எழுதிய கணக்கு நோட்டோடு திரும்பி வந்து, சிமெண்ட் மூட்டைகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அன்றைக்குப் படம் அதோடு நின்றது. மறுபாதியை இன்னும் போடவிடவில்லை. முடிவு எனக்குத் தெரியும், அதனால் நானும் வற்புறுத்தவில்லை.